ஒன்றரைச் சுற்று, 66 மீட்டர்

மைசூரில் பிறந்த விகாஸ் கவுடா, வட்டு எறிதலில் இந்தியாவுக்குக் காமன்வெல்த் தங்கம் கொண்டுவர ஒலிம்பிக் வாசலில் நுழைந்த பிறகும் 10 ஆண்டுகள் உழைத்தார். அந்தப் பத்தாண்டுகளில், புதுச்சேரிக்கு வடக்கே கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் வரையுள்ள கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது.

விகாஸுக்கு வருமுன் இன்னொருவரைப் பார்ப்போம். பீம்பாயைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் கமல்ஹாசனுக்குப் பக்கத்தில் ஆறரை அடி உயரத்தில் நின்ற அந்த மனிதரின் பெயர் பிரவீன் குமார் சோப்தி. தூர்தர்ஷன் 'மகாபாரத'த்தில் கதாயுதத்தோடு பீமனாக வந்தவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைப் பார்ப்பதற்காகவே பக்கத்து வீட்டு டி.வி. முன்னால் போய் உட்கார்ந்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு.

1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் வட்டு எறிதல் தங்கம் அவருடையது. 1970இல் அதே பாங்காக்கில் மறுபடியும் தங்கம் வாங்கினார். 1966 காமன்வெல்த் போட்டியில் சங்கிலிக் குண்டு எறிதலில் வெள்ளி. 1968 மெக்சிகோ, 1972 மியூனிக் என்று இரண்டு ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக இறங்கினார். இந்தப் பக்கம் மட்டும் நம்மில் பலருக்குத் தெரியாது. அவருடைய உயரம் கண்ணில் பட்ட அளவுக்கு, அவர் கற்ற வித்தை நம் கண்ணில் படவில்லை.

குண்டு எறிதலையும் வட்டு எறிதலையும் இன்றுவரை நாம் அப்படித்தான் பார்க்கிறோம். "அவனுக்கென்ன, ஆள் மாடு மாதிரி இருக்கான், தூக்கிப் போட்டுடுவான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பள்ளி விளையாட்டு விழாவில் ஓடத் தெரியாத, தாண்ட முடியாத, கொஞ்சம் தடித்த பையனைக் கூப்பிட்டு பி.டி. சார் கையில் குண்டைக் கொடுப்பார். முந்தின நாள்வரை அவன் அதைத் தொட்டிருக்க மாட்டான். அன்றைக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். அடுத்த விழா வரும்வரை அந்தக் குண்டு அலமாரியில் துருப்பிடித்துக் கிடக்கும்.

எறிபவர் பிறக்கும்போதே எறிபவராக வருவதில்லை. ஒரு சின்ன வட்டத்துக்குள் பத்துப் பதினைந்து வருடம் கால் மாற்றிக் கால் மாற்றி உருவாகிறார். விகாஸ் கவுடாவின் வாழ்க்கை அதற்குச் சாட்சி.

மைசூரிலிருந்து கிளாஸ்கோ வரை

விகாஸ் பிறந்தது 1983 ஜூலை 5, மைசூரில். அப்பா சிவே கவுடா தடகளக்காரர். 1988 சியோல் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்குப் பயிற்சியாளர்களில் ஒருவர். விகாஸ் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. மேரிலாந்து மாநிலத்தின் ஃபிரெடெரிக் ஊரில் வளர்ந்தார். அங்கே பள்ளிக்கூடத்து மைதானத்திலேயே எறிவதற்கென்று சிமென்ட் வட்டம் இருந்தது, வீட்டிலேயே விளையாட்டு தெரிந்த அப்பா இருந்தார். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு குண்டு, வட்டு இரண்டையும் எறிந்தார். குண்டில் அவருடைய சிறந்த தூரம் 19.62 மீட்டர். 2006இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான தேசியப் போட்டியில் வட்டு எறிதல் சாம்பியன் ஆனார்.

அமெரிக்காவில் வளர்ந்தாலும் எறிந்தது இந்தியாவுக்காக. முதல் ஒலிம்பிக் 2004 ஏதென்ஸ்; தகுதிச் சுற்றோடு திரும்பினார். 2008 பெய்ஜிங்கிலும் இறுதிச் சுற்று கிடைக்கவில்லை. இரண்டு ஒலிம்பிக் போய் வெறுங்கையோடு வந்த வீரரைப் பற்றி நாட்டில் யாரும் பேசவில்லை. ஆனால் எறிதலில் 25 வயது என்பது இளவயது. ஜிம்னாஸ்டிக்ஸிலும் நீச்சலிலும் பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில்தான் எறிபவரின் உடம்பும் உத்தியும் ஒன்றோடொன்று பொருந்தி வரத் தொடங்கும்.

2010 அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் போட்டியில் 63.69 மீட்டர் எறிந்து வெள்ளி வாங்கினார். அடுத்த மாதமே குவாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம். 2011இல் தென்கொரியாவின் டேகு நகரில் உலக சாம்பியன்ஷிப் இறுதிச் சுற்றுக்குப் போய் ஏழாவது இடம் பிடித்தார். 2012 ஏப்ரலில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 66.28 மீட்டர் எறிந்தார். அது அவருடைய வாழ்நாள் சிறப்பு. தேசியச் சாதனையும் ஆனது.

அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக். தகுதிச் சுற்றில் 65.20. இறுதிச் சுற்றில் 64.79 மீட்டரோடு எட்டாவது இடம். எட்டாவது இடம் சாதாரணம் என்று தோன்றலாம். வட்டு எறிதலில் முதல் மூன்று எறிக்குப் பிறகு முதல் எட்டு பேருக்குத்தான் மேலும் மூன்று வாய்ப்பு கிடைக்கும். அந்த எட்டில் ஒருவராக, உலகின் மிகப் பெரிய மேடையில் ஆறு எறியும் எறிந்துவிட்டு வந்தார் இந்த மைசூர்க்காரர். அதே இறுதிச் சுற்றில் ஈரானின் எஹ்சான் ஹதாதி 68.18 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றார். ஆசியக்காரருக்கு வட்டு எறிதல் ஆகாது என்ற பேச்சுக்கு அன்றைக்கே முடிவு வந்துவிட்டது.

2013இல் புனேவில் ஆசியச் சாம்பியன். 2014 ஜூலை 31ஆம் தேதி கிளாஸ்கோவில் 63.64 மீட்டர் எறிந்து காமன்வெல்த் தங்கம். 1958இல் மில்கா சிங் ஓடி வென்றதற்குப் பிறகு, காமன்வெல்த் தடகளத்தில் ஓர் இந்திய ஆண் தங்கம் வாங்க 56 ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியை முடித்துவைத்தவர் ஓட்டக்காரர் இல்லை, வட்டு எறிபவர். இரண்டு மாதம் கழித்து இன்ச்சியோன் ஆசிய விளையாட்டில் வெள்ளி. 2015இல் வூஹானில் மீண்டும் ஆசியத் தங்கம். 2016 ரியோ நான்காவது ஒலிம்பிக். 2017இல் பத்மஸ்ரீ. 2018 மே மாதம் ஓய்வு.

2004இல் ஒலிம்பிக் வாசலில் நுழைந்தவருக்கு இறுதிச் சுற்று கிடைக்க எட்டு ஆண்டுகள், காமன்வெல்த் தங்கத்துக்குப் பத்து ஆண்டுகள். நடுவில் ஒரே ஒரு வருடம் "இவனால் ஆகாது" என்று யாராவது கைவிட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

வட்டத்துக்குள் நடப்பது என்ன?

ஆண்கள் எறியும் வட்டு 2 கிலோ எடை, சுமார் 22 சென்டிமீட்டர் விட்டம். பெண்களுக்கு 1 கிலோ. எறியும் வட்டத்தின் விட்டம் 2.5 மீட்டர். வலக்கைக்காரர் எறிய வேண்டிய திசைக்கு முதுகைக் காட்டி நிற்பார். கையைப் பின்னால் வீசி ஒரு முறை ஊசலாடுவார். எடை முழுவதும் இடது காலுக்கு வரும். இடது பாதம் திரும்பும். வலது கால் வெளியே அகன்று சுழன்று, வட்டத்தின் நடுவில் வந்து ஊன்றும். அந்த வலது பாதம் தரையில் நிற்காமல் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். இடது கால் முன்னால் விழுந்து தூணாக நிற்கும். இடுப்பு முதலில் திரும்பும், பிறகு மார்பு, அதற்குப் பிறகு தோள். கை கடைசியாக வரும். வட்டு ஆட்காட்டி விரலின் நுனியை உரசிக்கொண்டு சுழன்றபடி வெளியேறும்.

இவ்வளவும் ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று. ஓரிரு விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். கையை விட்டுப் போகும்போது உலகத்தர வீரரின் வட்டு மணிக்குக் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கை முந்திக்கொண்டால் வேகம் போச்சு. இடது கால் கொஞ்சம் தள்ளி விழுந்தால் வட்டு கூண்டில் மோதும். பாதம் இரும்பு வளையத்தின் மேல் பட்டுவிட்டால் எவ்வளவு தூரம் போனாலும் ஃபவுல்.

குண்டின் கணக்கு வேறு. ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ. வட்டம் இன்னும் சிறியது, 2.135 மீட்டர். முன்னால் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு தடுப்புப் பலகை. குண்டு உள்ளங்கையில் உட்காராது. விரல்களின் அடியில் நிற்கும். தாடைக்குக் கீழே கழுத்தோடு ஒட்டிக் கிடக்கும். அதைப் பந்துபோல் வீசக் கூடாது, தோளிலிருந்து தள்ள வேண்டும். 1950களில் அமெரிக்காவின் பாரி ஓ'பிரையன் எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று, வட்டத்துக்குள் பின்னோக்கிச் சறுக்கித் திரும்பித் தள்ளும் முறையைக் கொண்டுவந்தார். 1970களில் சோவியத் வீரர் அலெக்சாந்தர் பாரிஷ்னிகோவும் அமெரிக்காவின் பிரையன் ஓல்ட்ஃபீல்டும் வட்டு எறிபவரைப் போலவே சுழன்று குண்டைத் தள்ளிக் காட்டினார்கள். இன்று 23.56 மீட்டர் என்ற உலகச் சாதனையை வைத்திருக்கும் ரையன் க்ரௌசரும் சுழல்பவர்தான்.

அதனால்தான் குண்டும் வட்டும் அண்ணன் தம்பி. இரண்டிலும் விசை பிறப்பது தரையில். பாதம், தொடை, இடுப்பு வழியாக மேலே ஏறிக் கைக்கு வருகிறது. விகாஸ் கவுடா பின்னாளில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் பயிற்சி எடுத்தது ஜான் கோடினாவிடம். கோடினா 1995, 1997, 2001 ஆகிய மூன்று ஆண்டுகளில் குண்டு எறிதல் உலக சாம்பியன்; 1996 ஒலிம்பிக்கில் வெள்ளி, 2000இல் வெண்கலம். குண்டில் 22.20, வட்டில் 69.91 என்று இரண்டிலும் உலகத்தரம் தொட்ட அபூர்வப் பிறவி. இரண்டையும் அறிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்னதன் பலனை 2011க்குப் பிந்தைய விகாஸின் இறுதிச் சுற்றுகளில் பார்க்கலாம்.

இரண்டு தங்கம் வாங்கிய பர்துமன் சிங்

இந்தியாவில் குண்டு, வட்டு இரண்டிலும் கொடி நாட்டியவர் என்றால் பர்துமன் சிங் பிராரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பஞ்சாபின் பட்டிண்டா பகுதிக்காரர். 1954 மணிலா ஆசிய விளையாட்டில் இரண்டிலுமே தங்கம் வென்றார். ஒரே போட்டியில் இரண்டு எறிதல் தங்கம்! 1958 டோக்கியோவில் குண்டில் மீண்டும் தங்கம், வட்டில் வெண்கலம். 1962 ஜகார்த்தாவில் வட்டில் வெள்ளி.

இப்படிப்பட்டவருக்கு அர்ஜுனா விருது 1999இல்தான் வந்தது. கடைசிக் காலம் நோயிலும் வறுமையிலும் கழிந்தது. 2007இல் இறந்தார். பிரவீன் குமாரும் கடைசியில் தனக்கு ஓய்வூதியம் கிடைக்கவில்லை என்று வருந்தியது செய்தியானது. 2022 பிப்ரவரியில் அவரும் போய்ச் சேர்ந்தார். எறிபவருக்கு உடம்புதான் முதலீடு. முட்டி, முதுகு, தோள் என்று ஒவ்வொன்றாகத் தேய்ந்து அந்த முதலீடு தீரும்போது நாடு பக்கத்தில் நிற்க வேண்டும். பதக்கம் வாங்கிய கையைப் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் அரசுகளுக்கு, அந்தக் கை நடுங்கும்போதும் பிடித்துக்கொள்ளும் கடமை இருக்கிறது.

14 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு
ஆசிய விளையாட்டுக் குண்டு எறிதலில் இந்தியர்கள் தங்கம் வென்ற தூரங்கள் சில:
1951 டெல்லி – மதன் லால், 13.78 மீ.
1954 மணிலா – பர்துமன் சிங், 14.14 மீ.
1958 டோக்கியோ – பர்துமன் சிங், 15.04 மீ.
1966 பாங்காக் – ஜோகிந்தர் சிங், 16.22 மீ.
1970 பாங்காக் – ஜோகிந்தர் சிங், 17.09 மீ.
1978 பாங்காக் – பகதூர் சிங், 17.61 மீ.
1982 டெல்லி – பகதூர் சிங், 18.53 மீ.
2002 பூசான் – பகதூர் சிங் சாகூ, 19.03 மீ.
2018 ஜகார்த்தா – தஜிந்தர்பால் சிங் தூர், 20.75 மீ.

இந்தப் பட்டியலில் ஒவ்வொரு மீட்டருக்கும் பின்னால் ஒரு தலைமுறை நிற்கிறது. பெரும்பாலும் பஞ்சாப்காரர்கள். அங்கே குண்டு எறிபவர் ஒருவர் ஓய்வு பெற்றால் பக்கத்து ஊர்ப் பையனுக்கு அவரே வாத்தியாராகிவிடுகிறார். வித்தை ஊருக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

தஜிந்தர்பால் சிங் தூரின் கதை அதற்கு உதாரணம். மோகா மாவட்டத்து விவசாயக் குடும்பம். கிரிக்கெட் பக்கம் போகவிருந்த பையனைக் குண்டு பக்கம் திருப்பியவர் அப்பா. 2018இல் ஆசியத் தங்கத்தோடு தூர் நாடு திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த அந்த அப்பா இறந்துவிட்டார். பதக்கத்தை அவர் கையில் கொடுக்க மகனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

2023 ஜூனில் புவனேஸ்வரத்தில் தூர் 21.77 மீட்டர் எறிந்தார். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் முதல் இரண்டு எறியும் வீணாயின. ஐந்தாவதும் ஃபவுல். சவூதி அரேபியாவின் முகமது தோலோ 20.18 மீட்டரோடு முன்னால் இருந்தார். கையில் மிச்சமிருந்தது ஒரே ஓர் எறி. அந்த ஆறாவது எறியில் 20.36 மீட்டர், தங்கம். ஒருவரைப் பெரிய வீரர் என்று சொல்லவைப்பது இந்தக் கடைசி எறிதான். பயிற்சியில் ஆயிரக்கணக்கான முறை செய்த ஒன்றை, கூட்டமும் பதற்றமும் கழுத்தை நெரிக்கும்போது இம்மியும் மாறாமல் செய்வது.

பெண்கள் எறிந்த தூரம்

பெண்கள் பக்கமும் பெருமைக்குக் குறைவில்லை. 2002 பூசானில் நீலம் ஜஸ்வந்த் சிங் வட்டில் ஆசியத் தங்கம் வென்றார். 2010 டெல்லி காமன்வெல்த்தில் கிருஷ்ணா பூனியா 61.51 மீட்டரோடு தங்கம், ஹர்வந்த் கவுர் வெள்ளி, சீமா அந்தில் வெண்கலம். மேடையின் மூன்று படியிலும் இந்தியப் பெண்கள் நின்றார்கள். கிருஷ்ணா பூனியா குழந்தை பெற்ற பிறகும் எறிந்து அந்த உயரத்தைத் தொட்டவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்றிலும் எறிந்தார்.

குண்டில் 1951இல் பார்பரா வெப்ஸ்டர் வாங்கிய வெண்கலத்துக்குப் பிறகு, ஆசிய விளையாட்டில் இந்தியப் பெண் ஒருவர் மேடை ஏற 72 ஆண்டுகள் ஆயின. 2023 ஹாங்சோவில் 17.36 மீட்டர் எறிந்து கிரண் பாலியான் அந்த வெண்கலத்தை வாங்கினார்.

"பொம்பளப் புள்ளைக்குக் குண்டு எதுக்கு? உடம்பு ஊதிப்போயிடும்" என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் மரக்காணம் உப்பளத்துக்கு ஒரு காலை நேரம் போய்வர வேண்டும். பாத்தியிலிருந்து வாரிய உப்பைக் கூடையில் நிரப்பித் தலையில் ஏற்றி, வழுக்கும் வரப்பின்மேல் வெறுங்காலோடு நடந்து கரை சேர்க்கும் பெண்களைப் பார்க்க வேண்டும். சுமைதூக்கப் பெண் உடம்பு ஆகுமென்றால் குண்டு எறியவும் ஆகும்.

கோட்டக்குப்பத்துக் காற்று

இப்போது நம் கரைக்கு வருவோம். புதுச்சேரியின் வடக்கு எல்லையைத் தாண்டியதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம். அங்கிருந்து மரக்காணம் வரை மீனவர் குப்பங்கள், சவுக்குத் தோப்புகள், கழுவெளி நீர்ப்பரப்பு, உப்பளம் என்று நீளும் கரை. இந்தக் கரையில் எறிதலுக்கு வேண்டிய இரண்டு செல்வங்கள் இயற்கையாகவே இருக்கின்றன.

ஒன்று, காற்று. வட்டு எறிதலில் எதிர்க்காற்றுதான் நண்பன். பட்டம் எப்படிக் காற்றை எதிர்த்து ஏறுகிறதோ அப்படியே வட்டும் எதிர்க்காற்றில் தாங்கி நிற்கும். வலக்கைக்காரருக்கு வலது முன்பக்கத்திலிருந்து வரும் மிதமான காற்று உத்தமம். சாதனைக் கணக்கில் குறுந்தூர ஓட்டத்துக்கும் நீளம் தாண்டுதலுக்கும் காற்றின் வேகத்துக்கு வரம்பு உண்டு. வட்டு எறிதலுக்கு இல்லை. அதனால்தான் உலகின் பெரிய வீரர்கள் காற்று தேடி அலைகிறார்கள். 1986இல் கிழக்கு ஜெர்மனியின் யூர்கன் ஷூல்ட் படைத்த 74.08 மீட்டர் உலகச் சாதனை ஏறக்குறைய 38 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2024 ஏப்ரலில் லிதுவேனியாவின் மிகோலஸ் அலெக்னா அதை 74.35 மீட்டராக்கினார். 2025 ஏப்ரலில் அதையும் தாண்டி 75.56. இரண்டுமே ஓக்லஹோமாவின் ரமோனா என்ற சின்ன ஊரில், காற்றுக்குப் பெயர்போன திறந்தவெளி மைதானத்தில் நடந்தவை. விகாஸ் 66.28 எறிந்ததும் அதே ஓக்லஹோமா மாநிலத்தில். கிருஷ்ணா பூனியா 64.76 மீட்டர் எறிந்தது ஹவாய்த் தீவுகளில்.

கோடைகாலப் பிற்பகலில் கோட்டக்குப்பம் கரையில் நின்று பாருங்கள். தென்கிழக்கிலிருந்து கடல்காற்று ஏறிவரும். கிழக்கு பார்த்து ஒரு வட்டம் அமைத்தால், வலக்கைக்காரருக்கு அந்தக் காற்று சரியாக வலது முன்பக்கத்திலிருந்து வந்து சேரும். வடகிழக்குப் பருவக்காற்று திரும்பி வீசும் மாதங்களில் அதே வட்டம் இடக்கைக்காரருக்கு வாய்ப்பாக மாறும். ஓக்லஹோமாவையும் ஹவாயையும் தேடிப் போகாமலே, இந்தக் காற்றைப் பழகியெடுக்கும் வழி நம் வீட்டு வாசலில் இருக்கிறது.

காற்றே எல்லாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் உலகச் சாதனையாளர் அலெக்னா 69.97 மீட்டர் எறிந்தும் வெள்ளியோடு திரும்பினார். ஜமைக்காவின் ரோஜே ஸ்டோனா 70.00 மீட்டர் எறிந்து தங்கத்தைத் தட்டிப் பறித்தார். மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம்! சுற்றிலும் கட்டடம் எழும்பிய ஸ்டேடியத்துக்குள் காற்று கை கொடுக்காதபோது உத்திதான் பேசும். கடற்கரை வட்டம் வட்டின் குணத்தைக் கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடம். அங்கே கற்றது பிறகு எந்த ஊரிலும் கை கொடுக்கும்.

இரண்டாவது செல்வம், மனிதர்கள். கரைவலை இழுப்பவர்கள் கயிற்றை இடுப்பில் கொடுத்துப் பின்னால் சாய்ந்து நடக்கும்போது வேலை செய்வது கை இல்லை, இடுப்பும் தொடையும்தான். குண்டு தள்ளவும் அதே இடுப்பு, அதே தொடை. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். "உழைக்கிற பிள்ளைக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு?" என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. உழைப்பு தருவது நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கும் பலம். எறிதலுக்கு வேண்டியது ஒரு நொடியில் வெடிக்கும் பலம். அதற்கு எடைப் பயிற்சி, தாண்டல் பயிற்சி, வேக ஓட்டம், போதிய தூக்கம், புரதம் நிறைந்த சாப்பாடு எல்லாம் வேண்டும். மத்தியும் நெத்திலியும் கிடைக்கிற கரையில் சாப்பாட்டுப் பகுதிக்காவது வழி இருக்கிறது.

இந்தக் கரை இழந்துகொண்டிருப்பது இடம். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கல் அணைகள் கட்டிய பிறகு, வடக்கே மணல் வரத்து குறைந்து கடல் அரிப்பு ஏறியது. தந்திராயன்குப்பம், கோட்டக்குப்பம் பகுதிகளில் கரையைக் காக்கக் கல் கொட்ட வேண்டி வந்தது. கபடியும் கால்பந்தும் ஆடிய மணல் பல இடங்களில் கடலுக்குள் போய்விட்டது. நிலத்தில் மிச்சமிருக்கும் காலியிடங்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளும் மனைப்பிரிவுகளும் விழுங்கிவருகின்றன. பிள்ளைகளுக்கு விளையாட இடம் என்பதே இங்கே போராடிப் பெற வேண்டிய ஒன்றாகிவிட்டது.

குறுக்கு வழி வேண்டாம்

எறிதலைப் பற்றிப் பேசும்போது ஒரு கசப்பையும் பேசித்தான் ஆக வேண்டும். பலத்தை நம்பிய விளையாட்டு என்பதால் ஊக்கமருந்தின் கை இங்கே நீளமாகவே நுழைந்திருக்கிறது. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் வட்டு எறிதலில் ஆறாவது இடம் பிடித்து நாட்டையே நிமிர்ந்து பார்க்கவைத்த கமல்பிரீத் கவுர், அடுத்த ஆண்டே ஸ்டானசோலோல் என்ற மருந்துக்காகச் சிக்கி மூன்றாண்டுத் தடை பெற்றார். குண்டு எறிதலின் உலக அரங்கிலும் பறிக்கப்பட்ட பதக்கங்கள் பல. 1997 உலக சாம்பியன்ஷிப்பில் கோடினாவுக்குத் தங்கம் வந்ததே, முதலில் வந்த உக்ரைன் வீரர் சோதனையில் சிக்கியதால்தான்.

அவசரம்தான் இந்தத் தவறின் வேர். இரண்டு வருடத்தில் பதக்கம், பதக்கம் வந்தால் வேலை, வேலை வந்தால் வீட்டுக் கடன் அடையும் என்று பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றிவைக்கிறோம். ஜிம்மில் யாரோ நீட்டும் ஊசியும் மாத்திரையும் அந்தப் பிள்ளைக்குக் கடவுள் கொடுத்த வழியாகத் தெரிகிறது. எறிபவருக்குப் பத்து வருடம் ஆகும் என்பதைப் பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் அதிகாரிகளுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதுதான் முதல் தடுப்பு மருந்து.

ஒரு வட்டம் போடுங்கள்

தமிழ்நாட்டுத் தடகளம் இன்று நன்றாகவே இருக்கிறது. நீளம் தாண்டுதலில் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.42 மீட்டர், மும்முறைத் தாண்டுதலில் பிரவீன் சித்திரவேல் 17.37 மீட்டர் என்று 2023இல் தேசியச் சாதனைகள் படைத்தார்கள். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வித்யா ராம்ராஜ் பி.டி. உஷாவின் 55.42 விநாடியைச் சமன் செய்தார். ஓடவும் தாண்டவும் நம்மிடம் ஆள் இருக்கிறார்கள். எறிதலில் அந்த அளவுக்கு ஊரறிந்த ஒரு பெயரை நம்மால் சொல்ல முடியவில்லை. உடம்பு இல்லாமல் இல்லை. வட்டமும் வாத்தியாரும் இல்லாததால்தான்.

சிந்தெடிக் ஓடுதளம் போடக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். எறி வட்டத்துக்கு ஓர் இரும்பு வளையம், அதற்குள் சொரசொரப்பாகத் தேய்த்த சிமென்ட் தளம், முன்னால் திறந்த நிலம் போதும். வட்டுக்கு மட்டும் கட்டாயம் உயரமான வலைக் கூண்டு வேண்டும். கை தவறிய வட்டு உயிரையே வாங்கிவிடும். கூண்டு இல்லாத இடத்தில், ஆட்கள் நடமாடும் கடற்கரையில் வட்டைக் கையில் எடுக்கவே கூடாது. வயதுக்கேற்ற எடை அதைவிட முக்கியம். 18 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 5 கிலோ குண்டு, ஒன்றரைக் கிலோ வட்டு. பெண்களுக்கு 3 கிலோ குண்டு, 1 கிலோ வட்டு. பல பள்ளிகளில் இருப்பது பெரியவர்களின் ஒரே ஒரு குண்டு. அதைச் சின்னப் பிள்ளை தூக்கினால் உத்தி கெடும், தோளும் கெடும்.

கோட்டக்குப்பம் நகராட்சியும் விழுப்புரம் மாவட்ட நிர்வாகமும் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஒன்றுகூடி, இந்தக் கரையில் ஒரே ஒரு பொது எறிதளம் அமைத்துக்கொடுக்கலாம். குண்டுக்கு ஒரு வட்டம், கூண்டோடு வட்டுக்கு ஒரு வட்டம், முழுநேரப் பயிற்சியாளர் ஒருவர். முதலமைச்சர் கோப்பை, பள்ளிகளுக்கு இடையேயான போட்டிகள் என்று மேடைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. ஏணி தயாராக இருக்கிறது. முதல் படியை மட்டும் யாரும் வைக்கவில்லை.

அந்தத் தளம் திறந்த முதல் வருடத்தில் பதக்கம் வராது. இரண்டாம் வருடத்திலும் வராமல் போகலாம். அப்போது "செலவுக்கு என்ன பலன்?" என்று கேள்வி எழும். கேட்பவர்களுக்கு விகாஸ் கவுடாவின் 2004ஐயும் 2008ஐயும் எடுத்துக்காட்டுங்கள். பர்துமனின் 15 மீட்டர் தூரின் 21 மீட்டராக எத்தனை தலைமுறை ஆனது என்று சொல்லுங்கள். இன்று ஏழாம் வகுப்பில் படிக்கும் உப்பளத் தொழிலாளியின் மகளோ மீனவர் மகனோ 2040இல் இந்தியாவுக்காக எறிய வேண்டுமானால், அந்தச் சிமென்ட் தளம் இந்த ஆண்டே காய்ந்திருக்க வேண்டும்.